ஊருக்கு விதியைச் சொல்வது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரியில் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு

புதிதாக ஊராட்சிச் செயலர் வேலைக்கு வந்திருப்பீர்கள். இல்லையென்றால் வார்டு உறுப்பினர், பால் சொசைட்டிச் செயலாளர், பேரூராட்சியில் சுகாதார மேற்பார்வையாளர், திருவிழாக் கமிட்டியில் ஒருவர். எந்த நாற்காலியாக இருந்தாலும், "இனிமேல் இதைச் செய்யக் கூடாது", "இனிமேல் இப்படித்தான்" என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒரு நாள் உங்கள் தலையில் விழும். வழக்கமாக என்ன நடக்கிறது? பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்துத் தேதியை மாற்றி, அலுவலகச் சுவரில் ஒட்டி, "அறிவிப்பு செய்யப்பட்டது" என்று ஃபைலில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அபராதச் சீட்டை நீட்டும்போது, "எங்களுக்கு யாரும் சொல்லலையே சார்" என்கிறார்கள் மக்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை.

விதி போடுவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. அது கடைசி ஆளின் காதில் விழுந்து, அவருக்குப் புரியும் வரைக்கும் போட்டவருடைய பொறுப்புதான். சட்டமும் இதையே சொல்கிறது. 1923 டிசம்பரில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை ஓர் அபின் சட்டத்தை நிறைவேற்றியது. அதை அரசிதழில் வெளியிடவில்லை, வேறு வழியிலும் மக்களுக்குச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களுக்குத் தெரியாமல் அறைக்குள் நிறைவேற்றிய சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, 1951ல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தொகை 50 ரூபாய்தான். ஆனால் நம்மைப்போல் நோட்டீஸ் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஐ எல்லோரும் மனு போடும் சட்டமாக மட்டுமே நினைக்கிறார்கள். அதன் 4ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். யாரும் கேட்காமலேயே அலுவலகம் தானாகத் தகவல் சொல்ல வேண்டும், உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதியில் எந்த வழியில் சொன்னால் நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியை நடைமுறையில் செய்வது பற்றித்தான்.

எழுத உட்காரும் முன்

பேனாவை எடுக்கும் முன் ஐந்து கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். யாருக்கு? எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்யலாம்? எப்போதிலிருந்து எப்போது வரை? மீறினால் என்ன? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இதில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் மேலிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு போட்டவருக்கே பதில் தெரியாவிட்டால் விதி இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். புது ஆள் அதிகாரியிடம் போய்க் கேட்பது சங்கடம்தான். ஆனால் இன்று நீங்கள் கேட்காத கேள்வியை நாளைக்கு ஊர் முழுக்க உங்களிடம் கேட்கும்.

பிளாஸ்டிக் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளி விற்கும் அக்காவிடம் "பிளாஸ்டிக் கூடாது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக், எண்ணெய் பாக்கெட்டும் பிளாஸ்டிக். இரண்டுக்கும் அப்போது விலக்கு இருந்தது. மாறாக, தொட்டால் துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை தடைப் பட்டியலில் இருந்தது. "இது துணிப்பைதானே" என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கிவைத்த கடைக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சட்டத்தை ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. சந்தையின் நுழைவாயிலில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றில் தடை செய்த பொருட்களையே மாட்டிச் சிவப்புத் துணி சுற்றுங்கள். இன்னொன்றில் மஞ்சப்பை, வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு, காகிதப் பொட்டலம் இவற்றை மாட்டுங்கள். பத்துப் பக்கச் சுற்றறிக்கையை விட அந்த இரண்டு கயிறு அதிகம் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

எழுதுவது

அலுவலகத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. அதில் எழுதினால்தான் மதிப்பு என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறும்போது வரும் அறிவிப்பு வழக்கமாக இந்தப் பாணியில் இருக்கும்:

"இதன் மூலம் சுற்றுலாப் பயணிகள் மற்றும் பொதுமக்கள் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், காவிரி ஆற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளதன் காரணமாக அருவிகளில் குளிப்பதற்கும் ஆற்றில் பரிசல் இயக்குவதற்கும் மறு உத்தரவு வரும் வரை தடை விதிக்கப்பட்டுள்ளது. மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை மேற்கொள்ளப்படும்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஆசையில் பஸ் இறங்கும் ஒரு குடும்பம் இதை நின்று படிக்காது. படித்தாலும் தேவையான வார்த்தை கடைசியில்தான் வருகிறது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"இன்று ஒகேனக்கல்லில் குளிக்க முடியாது. பரிசலும் ஓடாது.
அருவியில் மட்டுமல்ல, ஆற்றங்கரையில் எங்கேயும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.
கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் திடீரென்று ஏறும். பாறை வழுக்கும்.
முதலைப் பண்ணை திறந்திருக்கிறது.
நாளை காலை 8 மணிக்கு மறுபடி அறிவிப்போம்."

என்ன மாறியது என்று பாருங்கள். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட்டது. "அருவிகளில்" என்று மட்டும் இருந்ததை "எங்கேயும்" என்று ஆக்கியது முக்கியம். அருவியில் தடை என்றால், கொஞ்சம் தள்ளிப் போய்க் கரையில் இறங்கலாம்போல என்று ஒருவர் நினைத்தால் அது குதர்க்கம் இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக்கொள்வதுதான் அது. காரணம் சொல்லியாயிற்று. எதைச் செய்யலாம் என்பதும் இருக்கிறது. அதைச் சொல்லாத தடை மனிதரைச் சுவரில் முட்டவிடும். "மறு உத்தரவு வரும் வரை" என்ற வார்த்தை போய், அடுத்த தகவல் எப்போது வரும் என்பது வந்திருக்கிறது. தடை எப்போது நீங்கும் என்று உங்களுக்கே தெரியாது என்பது வாஸ்தவம். அடுத்த அறிவிப்பு எப்போது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

"சட்டப்படி நடவடிக்கை" என்பதை நான் எங்கு பார்த்தாலும் அடித்துவிடச் சொல்வேன். என்ன நடவடிக்கை என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். 200 ரூபாய் அபராதம் என்றால் 200 என்று எழுதுங்கள். தொகை எழுதாத இடத்தில் பேரம் உள்ளே வரும். "இவ்வளவு கொடுத்துட்டுப் போ" என்று ஒருவர் சொல்வதற்கும், ரசீது இல்லாமல் கை மாறுவதற்கும் அந்த எழுதாத இடம்தான் வாசல்.

எண்களையும் கவனியுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கிறது; நீர்வளத் துறையில் இருப்பவருக்கு அந்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பெங்களூரிலிருந்து வரும் இளைஞருக்கு 8,000 கன அடிக்கும் 20,000 கன அடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 20,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நாற்பத்தேழு ஒரே விநாடியில் கொட்டுவதற்குச் சமம். இப்படிச் சொன்னால் கரையில் நிற்பவர் ஓர் அடி பின்னால் போவார்.

எங்கே சொல்வது

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். விதி செல்லுபடியாகும் இடத்தில் போர்டு வைக்கிறோம். ஆனால் மனிதர் முடிவெடுக்கும் இடம் வேறு.

ஒகேனக்கல் ஆற்றங்கரைக்கு வந்த பிறகு "குளிக்கக் கூடாது" என்றால், 150 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு, பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்து, பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்து வந்தவர் என்ன செய்வார்? ஆள் இல்லாத கரையைத் தேடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காவலும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் இல்லை, இழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை. அதே சேதியை மடம் செக்போஸ்ட்டில் சொன்னால் பாதிப் பேர் திரும்புவார்கள். பென்னாகரம், தருமபுரி பஸ் ஸ்டாண்டுகளில் ஒகேனக்கல் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தட்டி வைத்தால் பஸ் ஏறும் முன்பே தெரிந்துவிடும். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். டிக்கெட் கொடுக்கும்போதே "இன்னிக்குக் குளிக்க விட மாட்டாங்க" என்று சொல்லிவிடுவார். லாட்ஜ்களில் ரூம் புக்கிங் எடுப்பவருக்கும் அன்றன்று காலையில் தகவல் போக வேண்டும்.

குழந்தைத் திருமணத் தடையும் இப்படித்தான். நம் இரண்டு மாவட்டத்திலும் இது இன்னும் பெரிய கவலை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பதைத் தாலுகா அலுவலகச் சுவரில் எழுதி என்ன பயன்? பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, சொந்தக்காரர்களுக்குச் சொன்ன பிறகு அதிகாரிகள் வந்து நிறுத்தும்போது அந்தக் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. பெண்ணின் நிலை அதைவிடக் கஷ்டம். பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸிலும், மண்டபம் புக்கிங் மேசையிலும், பந்தல்காரர், சமையல்காரர் முன்பணம் வாங்கும் இடத்திலும் இந்த விதி இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தால், "வயசுச் சான்று கொண்டாங்கண்ணா" என்று அவர்களே கேட்பார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஆண்கள் நிற்கும் டீக்கடையில் எழுதுவதைவிடப் பள்ளியில் பெண் பிள்ளைகள் கைகழுவும் இடத்தில் எழுதுவது உத்தமம். அந்த எண் தேவைப்படுபவர் அங்கே நிற்கிறார்.

ஆகவே உங்கள் விதிக்கும் இப்படி ஒரு வரைபடம் போடுங்கள். இதை மீறப் போகும் ஆள் அதற்கு ஒரு நாள் முன்னால் எங்கே இருப்பார்? ஒரு மணி நேரம் முன்னால்? அங்கே போய்ச் சொல்லுங்கள். நம் ஊர்களில் காலையும் மாலையும் பால் ஊற்றும் இடம், ரேஷன் கடை வரிசை, 100 நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம், மினி பஸ், இவையெல்லாம் அலுவலகத் தகவல் பலகையைவிட அதிகம் பேர் கூடும் இடங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு முறை கூடுகிறது. அதில் விதியைப் படித்துக் காட்டி, கேள்வி கேட்கவிட்டு, கேள்வியையும் பதிலையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

தண்ணீர்க் குழாய்: ஒரு விதியைக் கடைசி வரை கொண்டுபோவது

நம் மண்ணுக்கே உரிய ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டின் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குப் பல் காவி படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகி, முதுகை நிமிர்த்த முடியாமல், மூட்டை மடக்க முடியாமல் போகும். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013ல் இயங்கத் தொடங்கியது.

இப்போது ஒரு ஊரில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று ஒகேனக்கல் தண்ணீர், ஒன்று போர் தண்ணீர். விதி எளிது: குடிக்கவும் சமைக்கவும் முதலாவது, துணி, பாத்திரம், மாட்டுத் தொட்டி கழுவ இரண்டாவது. இது ஏன் போய்ச் சேரவில்லை? இரண்டு குழாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. தண்ணீரும் ஒரே மாதிரிதான். ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகளுக்கோ செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துக்கோ எந்தக் குழாய் எது என்று யார் சொல்வது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்பது எல்லாச் சுகாதார போர்டிலும் இருக்கும் வாசகம். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் அடர்த்தியாகும். காய்ச்சினால் போதும் என்று நம்பிப் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய், நாம் சொன்னதைத்தான் செய்கிறார். ஒரு ஊருக்குப் பொருந்தும் வாசகத்தை அப்படியே இன்னொரு ஊரில் எழுதினால் இந்த நிலைதான்.

செய்ய வேண்டியது இது. குடிக்கும் குழாய்க்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு என்று குழாய்க்கும் அதன் மேடைக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடியுங்கள். நிறம் ஊர் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். தெருவுக்குத் தெரு மாறினால் இருந்த குழப்பம் இரட்டிப்பாகும். சிவப்புக் குழாயின் மேல் "குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் ஆகாது" என்று கையகல எழுத்தில் எழுதுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அதே நிறம். பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும், வீட்டில் பாட்டிக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பைப் உடைந்து ஒகேனக்கல் தண்ணீர் நின்றுபோகும் நாள்தான் உண்மையான சோதனை. நிறுத்தம் முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். திடீரென்று நின்றால் அன்று காலையே சொல்லுங்கள். எத்தனை நாள் வராது, அதுவரை குடிக்க எங்கே எடுப்பது, லாரி எத்தனை மணிக்கு எந்தத் தெருமுனைக்கு வரும் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் சிவப்புக் குழாயில்தான் குடம் வைப்பார்கள். குடிக்காதே என்று சொன்னவர், குடிக்க வேறு தண்ணீரைக் காட்ட வேண்டும். இந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுபோக டேங்க் ஆப்பரேட்டரைவிடச் சரியான ஆள் கிடையாது. வால்வு திறக்கத் தெருத்தெருவாகப் போகிறவர் அவர்தான், ஜனங்கள் கேட்பதும் அவரைத்தான். எழுதிக் கொடுக்காமல் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

எந்த மொழியில், எந்தக் குரலில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டிலேயே குறைவு. அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கலாம், ஆனால் அன்றைக்குப் படிக்காத அம்மாக்களும் தாத்தாக்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத்தில் மட்டும் சொன்னால் அவர்களை விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

முன்பெல்லாம் தண்டோரா இருந்தது. ஒரு குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்தவரைப் பறையடிக்க வைத்துச் சேதி சொல்வது அவர்களை இழிவுபடுத்துவது என்பதால், 2022 ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளர் அதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்பது மாற்று வழி. சரியான முடிவு, அந்த வழக்கம் எப்போதோ போயிருக்க வேண்டும். ஒலிபெருக்கி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஓடிக்கொண்டே பேசினால் யாருக்கும் முழு வாக்கியம் கேட்காது. தெருமுனையில் நிறுத்துங்கள், இரண்டு முறை சொல்லுங்கள், பிறகு நகருங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மொழி தனி விஷயம். ஓசூர், தளி, வேப்பனஹள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம்; உருது பேசும் குடும்பங்களும் உண்டு. ஒரு மொழிச் சிறுபான்மையினர் ஓர் ஊரிலோ தாலுகாவிலோ 15 முதல் 20 சதவீதம் இருந்தால் முக்கியமான அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடலாம் என்று 1956லேயே மத்திய அரசின் குறிப்பாணை சொல்லியிருக்கிறது. ஆனால் நேரில் பார்க்கும்போது ஒரு நுணுக்கம் தெரியும்: பேசும் மொழி ஒன்றாகவும் படிக்கும் மொழி வேறாகவும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் பலர் பள்ளியில் படித்தது தமிழ்தான். அவர்களுக்குத் தமிழ் போர்டு போதும். ஆனால் ஒலிபெருக்கியில் தெலுங்கில் சொன்னால் மனதில் ஏறும். சிப்காட் பகுதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இந்தி வேண்டும். கூடவே படமும் வேண்டும். மொழிபெயர்ப்பைக் கூகுளில் போட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். அந்த மொழி பேசும் ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஒரு டீச்செலவுதான் ஆகும்.

வாட்ஸ்அப் நல்ல கருவி, ஆனால் சித்தேரி மாதிரி மலையூர்களில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும், தேதி இல்லாத செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். போன வருஷத்துக் குளிக்கத் தடை இந்த வருஷம் ஃபார்வர்டாக வரும். ஆகவே படத்துக்குள்ளேயே தேதி, நேரம், அலுவலகத்தின் பெயர், கூப்பிட வேண்டிய எண், எதுவரை செல்லும் என்பது எல்லாம் இருக்கட்டும். கூடவே அரை நிமிட ஆடியோ ஒன்றைப் பேசி அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் நோட்டீஸ். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோர ஊர்களில் யானை எச்சரிக்கையாக இருந்தால், ராகிக் கொல்லைக்குக் காவல் போகிறவர் பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடுவார். இரவு எட்டு மணிச் செய்தி அவருக்கு உதவாது.

"தாழ்வான பகுதி" என்றால் யாருடைய வீடு?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தொட்டது. ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து நிறுத்திவைத்த வண்டிகளை இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். மழைக் காலத்தில் வரும் எச்சரிக்கையில் "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்" என்ற வரி கட்டாயம் இருக்கும். தன் வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. பாதுகாப்பான இடம் எது என்றும் அதில் இல்லை.

தெருப் பெயரைச் சொல்லுங்கள். "ஏரிக்கரைத் தெரு, ரேஷன் கடைக்குக் கீழ்ப்புறம் இருக்கும் வீடுகள், இன்று மாலை 6 மணிக்குள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். அங்கே சாப்பாடும் பாயும் இருக்கும். ஆடு மாட்டை அவிழ்த்து மேட்டுக் கொல்லையில் கட்டுங்கள்." கடைசி வரி ரொம்ப முக்கியம். கால்நடையை என்ன செய்வது என்று சொல்லாத எச்சரிக்கைக்கு நம் ஊரில் ஒருவரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் திறக்கும்போதும் இதே முறைதான். மழைக் காலம் வருமுன்பே, வெயில் காயும் போதே, தெருப் பட்டியலைத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐயும் அதில் சேருங்கள்.

காரணம் சொல்லுங்கள்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் "நியூட்ரலில் ஓட்டாதீர்" என்ற விதி உயிர் காக்கும் விதி. டீசல் மிச்சமாகும் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அத்தனை பாரமும் பிரேக்கில் விழும், சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. "நியூட்ரலில் வந்தால் பிரேக் போய்விடும், கீழ் கியரில் இறங்குங்கள்" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் டிரைவருக்கு விதி அவருடைய நன்மைக்கு என்று புரியும். இதை இறக்கம் தொடங்கிய பிறகு சொல்லி லாபமில்லை. முந்தைய டோல்கேட்டிலும் தாபாவிலும் சொல்ல வேண்டும், இந்தியிலும் சொல்ல வேண்டும்.

ஒட்டும் முன் ஒரு சோதனை

எழுதியதை அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் காட்டுங்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் வேறு மொழி பேசுபவர், ஒருவர் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் நல்லது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "அம்மா, நாளைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் விதியோடு ஒத்துப்போனால் அச்சுக்கு அனுப்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அவரைத் திருத்தாதீர்கள், வாசகத்தைத் திருத்துங்கள்.

புது விதியென்றால் முதல் இரண்டு வாரம் அபராதம் போடாமல் எச்சரிக்கை மட்டும் கொடுக்க மேலிடத்தில் அனுமதி கேளுங்கள். எச்சரிக்கை வாங்கியவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

அனுமதி சம்பந்தப்பட்ட விதியில் காலம் தாழ்த்தவே கூடாது. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழா அனுமதிப் பிரச்சினையில் பெங்களூர் நெடுஞ்சாலையே பல மணி நேரம் மறிக்கப்பட்டது, கல்வீச்சும் நடந்தது. விழா நாளன்று காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கும் கூட்டத்திடம் எந்தப் பதிலையும் அமைதியாகச் சொல்ல முடியாது. என்னென்ன தாள் வேண்டும், கடைசித் தேதி எது, அனுமதி உண்டா இல்லையா என்று எந்த நாளுக்குள் சொல்வோம், இந்த மூன்றையும் ஒரு மாதம் முன்பே விழாக் குழுவின் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லை என்பதாக இருந்தாலும் முன்கூட்டிச் சொன்னால் ஊர் தாங்கிக்கொள்ளும்.

விதி மாறினால், முடிவுக்கு வந்தால்

தடை போடும்போது இருக்கும் வேகம் தடையை நீக்கும்போது இருப்பதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் வறுக்கும் கடைக்காரர் இவர்களுக்கெல்லாம் தடை நாள் பட்டினி நாள். தடை நீங்கியதும் அதே இடங்களில், அதே வண்டியில், அதே குரலில் சொல்லுங்கள். பழைய தட்டியை அன்றே கழற்றுங்கள். அதன் மேல் புதியதை ஒட்டுவது போதாது, மழையில் நனைந்து உரிந்தால் அடியில் இருப்பது தெரியும். காலாவதியான போர்டு நிற்கிற ஊரில், செல்லுபடியாகும் போர்டையும் யாரும் நம்புவதில்லை.

இதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதி, எங்கெங்கே எத்தனை தட்டி, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, எடுக்க வேண்டியவர் பெயர். கடைசிப் பத்தியில், அந்த விதி பற்றி ஜனங்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த நோட்டீஸை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.